கன்னிகா உட்கார்ந்திருக்கிறாள்

நான் யாரிடமும் போய்ப் படம் வரையக் கற்றுக்கொள்ளவில்லை, மேடம். திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் போனில் ஆயில் பெயிண்டிங் வீடியோ பார்ப்பேன். அடி அடுக்கில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம், ஒன்று காயாமல் அடுத்ததில் கைவைக்கக்கூடாது. எல்லாம் பஸ்ஸில் படித்ததுதான். கம்பெனியில் என் வேலை குவாலிட்டி செக்கிங். நாள் முழுக்க பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் தேடுகிறவன். கண் பழகியிருந்தது.

மூன்று வருடம் மலையை மட்டுமே வரைந்தேன். எங்கள் வாடகை வீட்டு மாடியில் நின்றால் திருமலையின் செம்பாறைச் சரிவு நேராகத் தெரியும். சாயங்காலம் அது செங்கல் நிறத்திலிருந்து ஊதாவுக்கு மாறப் பத்து நிமிடம்தான் ஆகும். தவறவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கு அதே மலை அதே இடத்தில் இருக்கும். மலையிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

பிறகு முகம் வரைய ஆசை வந்தது. ஒரு மண்டபத்தில் சின்னக் கண்காட்சி நடந்தபோது என் மலைகளைப் போனில் படம் பிடித்துக்கொண்ட ஒரு காலேஜ் பெண், ஓரத்தில் இருந்த முகத்தைப் பார்த்து, "இது யாருண்ணா, ஜவுளிக்கடை பொம்மையா?" என்று கேட்டாள்.

அது என் மனைவி கன்னிகா.

அந்தப் பெண் சொன்னதில் தவறில்லை. கன்னிகாவை உட்காரவைக்க முடியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யும் வேலை, நாளெல்லாம் மாடிப்படி. வீட்டுக்கு வந்தால் அடுப்பு, துணி, தண்ணீர். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். தூங்குகிற முகத்தில் ஒன்றும் இருக்காது.

போன வருடம் ஆடியில் லாட்ஜ் படியில் பக்கெட்டோடு வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அது விபத்து. நான் அப்போது கம்பெனியில் இருந்தேன், விசாரித்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் போல நானும் அவளைப் புத்தூருக்கு அழைத்துவந்தேன். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றிக் கட்டினார் அந்த எலும்பு வைத்தியர், பெரியவர். பதினைந்து நாளைக்கு ஒரு கட்டு, மூன்று கட்டு, அப்புறம் நடக்கலாம் என்றார்.

அப்படித்தான் கன்னிகா உட்கார்ந்தாள். காலை ஸ்டூல்மேல் நீட்டி, ஜன்னல் பக்கம் நாற்காலியில். நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் நாளே ஆரம்பித்தேன். வலி இருக்கிற முகத்தை நீங்கள் உற்றுப் பார்த்திருக்க மாட்டீர்கள். கண்ணுக்குக் கீழே தோல் லேசாகப் பச்சை பாயும். மேலுதட்டின் ஓரம் வெளுத்துவிடும். நெற்றி மட்டும் பளபளக்கும். சின்ன கேன்வாஸில் நீட்டிய காலும் கட்டுமாக முதலில் ஒன்று முடித்தேன். பொம்மை போய் ஆள் வந்துவிட்டாள். உடனே நாலடி கேன்வாஸ் வாங்கி இழுத்துக்கட்டினேன்.

நாலாவது வாரம் வலி குறைந்தது. சீரியல் பார்த்துச் சிரித்தாள். பச்சை போய்விட்டது, உதடு சிவந்துவிட்டது. பெரிய படத்தில் அப்போதுதான் அடி அடுக்கு காய்ந்திருந்தது. இந்த அளவு ஆயில் படத்துக்கு நாலைந்து மாதம் வேண்டும், எலும்புக்கு ஆறு வாரம் போதும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. என் சிக்கல் இவ்வளவுதான், மேடம்.

ஒரு மத்தியானம் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்த்தேன். ஒரு பத்தையை உருவி எடுத்துவிட்டு, கையால் கொஞ்சம் அழுத்தினேன். கத்தி எழுந்தாள். கட்டு தளர்ந்திருந்தது, இறுக்குகிறேன் என்றேன். நன்றி சொன்னாள். மறுபடியும் கட்டினேன். மறுநாள் முகம் திரும்பிவந்திருந்தது. நாலு மணி நேரம் கை நிற்காமல் வரைந்தேன்.

அடுத்த கட்டுக்குப் போனபோது பெரியவர் தடவிப் பார்த்துவிட்டு யோசித்தார்.

"எலும்பு நகந்திருக்கே. நிஜம் செப்பம்மா, கீழ கால் ஊனினியா?"

"இல்லிங்களே" என்றாள்.

"அன்னைக்கு பாத்ரூம் போறப்ப ஊனின இல்ல" என்றேன்.

என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தாள். "ஊனினேனோ இன்னாவோ. நெனப்பு இல்ல" என்றாள். அன்றிலிருந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை அவள் கண்ணில் வந்து உட்கார்ந்தது. அதை நான் திட்டமிடவில்லை. ஆனால் படத்துக்கு அது தேவையாக இருந்தது.

மாத்திரையையும் மாற்றினேன். வலி மாத்திரை முகத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிடுகிறது. அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை கிடைக்கிறது. உடம்புக்கு நல்லதுதான்.

அப்படிக் கட்டை அவிழ்த்தது மொத்தம் மூன்று முறை. நடுவில் லாட்ஜில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். நாற்காலியிலேயே தலை சாய்த்துக்கொண்டு, "போதும்யா, வலிக்குது" என்பாள். "வெளிச்சம் போற வரிக்கும் பொறுத்துக்கோ" என்பேன். பொறுத்துக்கொள்வாள். ஒருநாள் அழுதுகொண்டே, "வேணாம்யா, படுத்துக்கிறேன்" என்றாள். கண்ணீர் இறங்கும்போது பக்கத்துத் தோல் எப்படி மின்னுகிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

போன திங்கட்கிழமை, "இன்னா வரைஞ்சிக்கினு இருக்கிற, காட்டு" என்று கேட்டாள். அதுவரைக்கும் அவள் கேட்டதே இல்லை. படத்தைத் திருப்பி வைத்தேன். முகத்தை அவள் அதிகம் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கிட்டே குனிந்து தொட்டதில் விரலில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது.

"கட்டு முடிச்ச நல்லா வரைஞ்சிருக்கிற" என்றாள்.

அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நேற்று கட்டு மாற்றக் கிளம்பும்போது, "படத்த எடுத்துக்கினு வா, அவரும் பாக்கட்டும். அந்தச் சின்னதையும் எடுத்துக்க" என்றாள். ஆட்டோவில் இரண்டையும் மடியில் வைத்து நானேதான் கொண்டுவந்தேன். பெரிய படம் இன்னும் ஈரம், யார் கையும் பட்டுவிடக்கூடாதே என்று வழியெல்லாம் கவலைப்பட்டேன்.

இங்கே புத்தூரில் இருக்கும் அவள் அக்கா பிரேமலதாவை முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பெரியவர் கட்டில் கைவைத்ததும் கன்னிகா தடுத்தாள்.

"அவுக்காதீங்க. மொதல்ல முடிச்சப் பாருங்க. சின்னப் படத்துல இருக்கறது நீங்க போட்டது, கால் பக்கவாட்டுல. பெரிய படத்துல முன்னால இருக்குது. இப்ப என் கால்லயும் முன்னாலதான் இருக்குது. இது யாரு போட்டது?"

அவர் படத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என் கட்டு இல்லம்மா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாசலில் நின்ற இரண்டு பேரைக் கதவுகிட்டே வரச் சொன்னார்.

ஏன் முடிச்சை மாற்றி வரையவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். கண்ணால் பார்க்காததை என்னால் வரைய முடியாது, மேடம். படத்தில் பொய் இருந்தால் அது பொம்மையாகிவிடும்.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறையும் எலும்பை நகர்த்தியது நான்தான். மாத்திரையை மாற்றியதும் நான்தான். பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகத்தான் சேரும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக்கொடுத்ததை நீங்கள் இரண்டு முறை படித்துக் காட்டினீர்கள். கேட்டேன்.

அந்த ஸ்டேஷன் பீரோவில் பெரிய படத்தைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். இடது கை இன்னும் பாக்கி. நாலு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். கன்னிகா வெளியே பெஞ்சில் அக்காவோடு இருக்கிறாள் என்று தெரியும், குரல் கேட்டது. நான் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், வருவாள். இத்தனை மாதத்தில் அவள் ஒரு தடவைகூட என்னிடம் முடியாது என்று சொன்னதில்லை.