கொய்யாப்பழம் எங்கே போச்சு

"ஹலோ... ஆமா, நான்தான் கெர்ட்ரூட். ஈப்போவிலேருந்து... ஆமா ஆமா, ரத்தச் சோதனை சீட்டு வாங்கியாச்சு... இருங்க, நான் சொல்லி முடிச்சிடுறேன்."

ஆஸ்பத்திரி கேண்டீனுக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் கெர்ட்ரூட். புகை பிடிக்கிறவர்கள், பிடிக்காதவர்களின் ரத்தத்தையும் சாப்பாட்டையும் ஒரு டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிடிக்காதவர் பட்டியலில் பெயர் கொடுத்தது அவள் புருஷன் செபாஸ்டியன்தான். அவர் வேலை செய்யும் பீடோர் எண்ணெய்ப்பனை ஆலையில் லீவு இல்லையாம். முடிவு வாங்க அவள் மகள் ரோசரியோடு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"வைட்டமின் சி ரொம்பக் கம்மியாம்... கம்மிதாங்க. கேரட், கீரையில இருக்கிற சத்தும் கம்மி... நான் சாப்பாடு சரியாப் போடலையா? ரெண்டு வாரம் நீங்க தின்ன ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதினேன்லா. காலையில பப்பாளி, மத்தியானம் கங்கோங் கீரை, சாயங்காலம் ரெண்டு கொய்யா... அதத்தான் நர்ஸ் மிஸ்ஸி கேக்குறாங்க. நோட்டுல பொய் எழுதினியான்னு... என்னையத்தான்."

"விடுவேனா? எங்க வீட்டுக்காரர் நாலு வருசமா சிகரெட்டத் தொடல, உங்க மிஷினப் போய்ப் பாருங்கன்னு சொன்னேன்... ம்... ம்... அப்பறம் டாக்டரே வந்தாரு. இவ்வளவு பழம் தின்னும் சத்து ரத்தத்துல நிக்கல, பொகை பிடிக்கிறவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி இருக்கும்னாரு... ஆலைப் பொகையான்னு நானும் கேட்டேன். இல்லைன்னு தலைய ஆட்டிட்டாரு... நீங்க சொல்லுங்க. பிடிக்கிறீங்களா இல்லையா?"

மறுமுனையில் செபாஸ்டியன் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மூணு வருசமா... அப்ப விட்டது ஒரே வருசந்தான்... ரோசரிக்கு டைபாய்டு வந்தப்ப, புள்ள பொழைக்கணும்னு புனித அன்னம்மாள் கோயில்ல ரெண்டு பேரும் முட்டி போட்டோம். நீங்க சிகரெட்ட விடுறதா நேர்ந்தீங்க, நான் மீன விட்டேன்... இல்ல, நான் பேசணும். போன வருசம் கல்யாண வீட்டுல தெரியாம ஒரு வாய் மீன் கொழம்பு தின்னுட்டேன்னு மூணு நாள் மூஞ்சி குடுத்துப் பேசல நீங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா உன்னாலதான்னீங்க. அன்னைக்கும் பாக்கெட்டுல வச்சிருந்தீங்க, இல்லையா?"

குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த ஒரு வாய் மீனுக்காக, பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் பயந்து செத்தவள் அவள்.

"என்ன... ரோசரிக்குத் தெரிய வேணாமா?... ஏங்க, டாக்டர் இங்கிலீசுல பேசினாரு. எனக்கு என்ன புரியும்? அவதான் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லிக்கிட்டு வந்தா. கடைசியில வாயத் தொறக்காம நின்னுட்டா. நான்தான் சொல்லு, சொல்லுன்னு கையப் பிடிச்சு உலுக்கினேன்... அழாதீங்க. என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது... இந்தாங்க, அவகிட்டயே பேசுங்க... ஹலோ... ஹலோ..."

செபாஸ்டியன் போனை வைத்துவிட்டார்.