நேற்று நல்லாயிருந்தவ

இல்லைப் பெரியம்மா, என்ர மனிசி மிதுனா தலைக்கனத்தில தேருக்கு வராமல் விடேல்லை. அவவுக்கு வெயில் ஆகாது. கறுத்துப்போவன் எண்ட பயமில்லை. வெயில் பட்டா அடுத்த நாள் காய்ச்சல் வரும், கை கால் மூட்டெல்லாம் வீங்கும். ஓம், நேற்று கடையில உங்களோட சிரிச்சுக் கதைச்சவதான். நேற்று நல்லாயிருந்தவ. இண்டைக்கு எழும்பேலாமல் படுத்திருக்கிறா. இந்த வருத்தம் அப்பிடித்தான். இதை நான் எத்தினை பேருக்கு எத்தினை தரம் சொல்லுறது?

இருங்கோ, வந்தனீங்கள் முழுக்கக் கேட்டுட்டுப் போங்கோ. கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்த புதுசில, காலமை எழும்பினா அவவுக்கு விரல் மடங்காது. சீப்பால தலை இழுக்கேலாது. என்னைக் கூப்பிட்டுச் சீலைக்கு ஊசி குத்தித் தரச் சொல்லுவா. ஒரு டொக்டர் வாதம் எண்டார். மற்றவர் இரத்தம் குறைவு எண்டு குளிசை தந்தார். அடுத்தவர் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு, புதுசாக் கட்டினவை, மனசில ஏதும் யோசனையாக்கும், எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ எண்டார். நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அங்க பாத்ரூமில பைப்பைத் திருகேலாமல் நிண்டு அழுதவ.

பிறகு தலைமயிர் கொட்டிச்சுது. கன்னம் ரெண்டும் மூக்கோட சேந்து சிவந்துது. ஒஃபிஸில என்ன கிறீம் பூசுறீர் எண்டு கேட்டிருக்கினம். கடைசியில ஒரு இளம் லேடி டொக்டர், சிங்களப்பிள்ளை, முகத்தைப் பாத்த உடனை இரத்தம் சோதிக்க எழுதினவ. லூபஸ். ரெண்டு வருசம் அலைஞ்சு அண்டைக்குத்தான் அதுக்கு ஒரு பேர் கிடைச்சது. மிதுனா சந்தோசப்பட்டவ, நம்புவீங்களே? அப்ப எனக்கு விசரில்லை எண்டு சொன்னவ.

லூபஸ் எண்டா, வருத்தங்களை எதிர்த்து நிக்கிற சக்தி உடம்பில இருக்கெல்லே, அது ஆள் மாறி அவவின்ர உடம்பையே அடிக்குது. மூட்டை, தோலை, சிறுநீரகத்தை. சீ, தொத்தாது. அதைச் சொல்லியும் ஒஃபிஸில ரூபிகா எண்டு ஒரு பிள்ளை, மிதுனாவின்ர சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள கைவிட்டுச் சாப்பிட்டவ, இப்ப வேற மேசையில இருந்து சாப்பிடுறாவாம். மனேஜர், பாத்தா வருத்தக்காரி மாதிரித் தெரியேல்லையே, ஏன் இவ்வளவு லீவு எண்டவர். மருந்தால முகம் ஊத, சொந்தக்காரர் என்ன சொன்னவை? மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டுட்டுதெண்டு.

முழுசா மாறாது பெரியம்மா. மருந்தால கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில ஒருத்தர் இதுக்கு நாட்டு மருந்துத் தூள் குடுக்கிறாரெண்டு எனக்கும் தெரியும். வேண்டாம்.

பிள்ளையோ. ஓம், ஜனாவின்ர கலியாண வீட்டில ரஜனியக்காவுக்கு நீங்கள் சொன்னது எங்கட காதுக்கும் வந்தது. உடம்பு கட்டுக்குலைஞ்சு போகுமெண்டு மிதுனா பிள்ளை வேண்டாமெண்டு இருக்கிறா எண்டு. கோவமில்லை. கோவமெண்டா அண்டைக்கே கேட்டிருப்பன்.

பங்குனியில எங்களுக்கு ஒரு பிள்ளை தங்காமல் போனது. அஞ்சு மாசம். இந்த வருத்தத்தில அப்பிடி நடக்கிறதுண்டாம். பொம்பிளைப்பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு மிதுனாதான் என்னட்டக் கேட்டவ. வருத்தத்தையே ஒருத்தரும் நம்பேல்லை, பிள்ளையையும் நம்பாமல் விட்டா என்னால தாங்கேலாது எண்டவ.