ஆறு என்று சொன்னோம்

"ஓடு எஸ்தரு! கோயில் பாறைக்கு ஓடு! திரும்பிப் பாக்காத!"

பேச்சியம்மாளின் குரல். நான் ஓடுகிறேன். தேயிலைச் செடி காலைக் கிழிக்கிறது. பின்னால் மலை உறுமுகிறது. முதலில் லாரி ஏற்றம் ஏறுவதுபோல. அடுத்து பாறையோடு பாறை மோதும் சத்தம். அடுத்து தகரம் கிழியும் சத்தம். எங்கள் லயத்துக் கூரை அது. பிறகு மழை மட்டும்.

எழுபத்தொன்று, டிசம்பர். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தோட்டம். மேல் லயத்தில், மேல் வரிசை வீடுகளில், கிறிஸ்தவர்கள் நாங்கள். கீழ் லயத்தில் கோயில்காரர்கள். இரண்டு லயத்துக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான்.

யுத்தம் என்பதால் ஃபாக்டரி சங்கு ஊதக்கூடாது என்று உத்தரவு. விமானம் வந்தால் மட்டும் ஊதலாம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டியிருந்தோம். மலை இடிந்தால் சொல்ல இனி என்ன இருக்கிறது? கோயில் கொட்டு இருந்தது.

அந்தக் கொட்டுக்குத்தான் நாங்கள் காதை மூடப் பழகியிருந்தோம்.

எங்கள் உபதேசியார் நல்ல மனிதர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் காப்பி கொடுப்பார். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். மாரியம்மன் கரகம் லயத்தைச் சுற்றி வரும்போது கதவைச் சாத்த வேண்டும். கொட்டு நெருங்க நெருங்கப் பாட்டைக் கூட்ட வேண்டும். அதுதான் சாட்சி என்றார். நாங்களும் சந்தோஷமாகச் செய்தோம். பொங்கல் கொடுத்தாலும் வாங்கமாட்டோம்.

பேச்சியம்மாள் என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள். அவள் விடமாட்டாள். "ஏண்டி, ஒங்க ஏசுசாமிக்கு வெல்லம் ஆகாதோ? சீக்குக்காரரா?" என்பாள். நான் சிரிப்பேன். வாங்கமாட்டேன்.

அவள் புருஷன் மாடசாமி அண்ணன்தான் கொட்டு அடிப்பவர். மகன் பட்டாளத்தில், எல்லையில் இருந்தான். அந்த வாரம் முழுக்கக் கோயிலில் பூசை. கொட்டு. நாங்களும் தினமும் கூடி நாட்டுக்காக ஜெபித்தோம். அந்தப் பையன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் குழாயில் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை.

ஞாயிறு சாயங்காலம் ஆபிரகாம் அண்ணன் வீட்டில் ஜெபம். விடாமல் மூன்றாம் நாள் மழை. பாட்டு நடக்கிறது. கஞ்சிரா என் கையில். கீழேயிருந்து கொட்டு கேட்கிறது. வழக்கமான அடி இல்லை. தாளம் இல்லை. ஒரே படபடப்பு. அது எனக்குத் தெரிந்தது. கொட்டு மேலே ஏறி வருகிறது. உபதேசியார் கையை உயர்த்துகிறார். கூட்டு என்று அர்த்தம். நான் கஞ்சிராவை ஓங்கித் தட்டினேன்.

கதவு இடிபடுகிறது.

"உருள் பொட்டுது, மலை சரியுது! ஆபிரகாமு, கதவத் தொறடா! மேல மண்ணு அடச்சு ஓடை நின்னு போச்சு! வெளிய வாங்க!"

பாட்டுக்குள் பாதிதான் விழுந்தது. குடித்துவிட்டு வம்புக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். இன்னும் ஒரு சரணம் பாடினோம். ஒரு முழு சரணம்.

பின்கதவுக் கயிற்றை அறுத்துக்கொண்டு பேச்சியம்மாள் வந்தாள். "மலை வருதுடி, கூறுகெட்டவளே! பாட்டா பாடுற?" என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் யாரோ முன்கதவைத் திறந்தார்கள். மாடசாமி அண்ணன் கொட்டை வீசிவிட்டு உள்ளே பாய்ந்தார். என் தங்கை கிரேஸிக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. அவளைத் தூக்கத்தான் போனார். அவர் உள்ளே போனதைப் பார்த்தேன். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

பின்பக்கம் ஓடியவர்கள் பிழைத்தோம். உபதேசியாரும் பிழைத்தார்.

கோயில் பாறையில் கீழ் லயம் முழுவதும் நின்றது. சாக்கை விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். பூசைக்கு வைத்த பொங்கலைக் கையில் கொடுத்தார்கள். சாப்பிட்டோம். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சியம்மாள் புருஷனைத் தேடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் நின்றாள்.

"ஒங்க அண்ணன எங்கடி?"

என் வாயில் பொங்கல் இருந்தது.

காலையில் தோண்டினார்கள். தோண்டியதும் கீழ் லயத்து ஆட்கள்தான். மாடசாமி அண்ணன் வாசற்படி தாண்டி இந்தப் பக்கம் கிடந்தார். கிரேஸி அவர் தோளில் இருந்தாள்.

மத்தியானம் ஜீப்பில் போதகர் வந்தார். அழுதார். பிறகு கேட்டார்: "நம்ம ஆளுக எத்தன பேரு?"

"ஆறு பேரு, ஐயா" என்றார் உபதேசியார். நாங்களும் தலையை ஆட்டினோம். பேச்சியம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருக்கலாம். நன்றாகத் திட்டத் தெரிந்தவள்.

இதை வாசிக்கும் சபையாரே, நான் என் விசுவாசத்தை விடவில்லை. இன்றும் படையல் வாங்குவதில்லை. வேண்டாம் என்று வாசலுக்கு வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் பாட்டை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்கிறேன். நிறுத்தியதற்காக ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொள்ள அவரிடம் வேறு காரணம் இருக்கிறது.

மண்ணுக்குள் போனவை: மேல் லயத்தில் எட்டு வீடு. இரண்டு பசுமாடு. ஜெபத்துக்கு வைத்திருந்த ஒரே விளக்கு.

போனவர்கள்: ஆபிரகாம் அண்ணன். அவர் மகள் ரூத். உபதேசியாரின் மனைவி சாராள். பாக்கியம் அக்கா. தாவீது. என் தங்கை கிரேஸி. மாடசாமி அண்ணன்.

நம்ம ஆட்கள் ஏழு பேர், ஐயா.