கமலின் கடைசி ஃபைபர் ஷீட்டு

– எனக்கில்ல ஜீவிதா, ஃபிரெண்டு ஒருத்தன் கேக்குறான். சிஎன்சி வெட்டு மிஷின்ல ஃபைபர் கிளாஸ் ஷீட்டு வெட்டுறப்ப ஓரமெல்லாம் கருகுதாம்.

– ஆறு மாசமா போனும் இல்ல, மெசேஜும் இல்ல. இப்ப ஃபிரெண்டுக்காகக் கூப்பிடுறியா? அந்த ஃபிரெண்டு பேரு கமலுதானே ராஜா?

– இன்னா நக்கலு! சரி, நான்தான்.

– அப்டி வா வழிக்கு. “உன் வேகம் எனக்கு ஒத்து வராது, நான் தனியா கடை போட்டுக்கிறேன்”னு ஐயம்பேட்டைக்குப் போனவன்தானே நீ?

– சண்டைய நாளைக்கு வெச்சிக்கலாம். சத்தியமா சொல்றேன், நாலு மணிக்கு ஆளு வந்துடும். நம்ம கோதண்டபாணி மாமா.

– தறிக்கார மாமாவா?

– ஆமா. சேலைல டிசைன் போடுற ஜக்கார்டுல நூல் இறங்குற ஓட்டைப் பலகை கேட்டிருக்காரு. மரப்பலகை மழைக்கு உப்பிப்போவுதாம், ஃபைபர்ல வேணும்ன்றாரு. இது நல்லா வந்தா நாப்பது தறிக்கும் நம்மகிட்டதான். கெட்டுச்சுன்னா கடைய மூடிட்டு வேற வேலைக்குத்தான் போவணும்.

– நாப்பது... சரி, ஷீட்டு எத்தினி இருக்குது?

– ஒண்ணு. இன்னொண்ணு கருகிடுச்சு. இதுல ரெண்டாயிரத்து சொச்சம் ஓட்டை போட்டு முடிச்சிட்டேன், சுத்துவெட்டு ஒண்ணுதான் பாக்கி.

– ஓரத்துல கொஞ்சம் வெட்டிப் பாரேன்.

– ஓரம் எங்க இருக்குது? கிளாம்பு புடிக்கவே பத்தல.

– எந்த வேகத்துல வெட்டின?

– ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு இருபத்திநாலாயிரம் சுத்து, வெட்டுற பிட்டு நவுர்ற ஃபீடு நானூறு மில்லி. புகை வந்ததும் பயந்து ஃபீடை எரநூறு ஆக்கினேன். அப்பால இன்னும் கருகுது.

– இரு, அந்த இருபத்திநாலாயிரம் உனக்கு யார் சொன்னா?

– அது... எங்கயோ பாத்தேன்.

– கமலு.

– நம்ம பழைய மிஷின் மேல நீ ஒட்டியிருந்த அட்டைல.

– அட்டைய கிழிச்சிக்கினு போனது நீதானா! நான் பாவம் எலிய திட்டிக்கினு இருந்தேன்!

– மன்னிச்சிடுமா. போவும்போது கைல வந்துடுச்சு.

– கேளு ராஜா. அந்தப் பழைய மிஷின் டயலு பொய் சொல்லும். இருபத்திநாலுன்னு காட்டும், சுத்துறது பன்னெண்டுதான். அந்தப் பொய்க்குத்தான் அட்டை எழுதினேன். நீ அத புது மிஷின்ல நெசமாவே ஓட்டியிருக்குற!

– ஐயையோ! அப்ப ரெண்டு பங்கு வேகத்துல சுத்துதா?

– சுத்திக்கினு ஒரே எடத்துல தேய்க்குது. மெதுவா நவுத்தினா நல்லதுன்னு நெனச்ச பாரு, அங்கதான் தப்பு. பல்லு கடிக்காம உரசினா சூடாவாம இன்னா பண்ணும்? ஸ்பிண்டிலைக் குறை, ஃபீடை ஏத்து.

– ஏத்தவா? பிட்டு உடைஞ்சா ஓட்டையெல்லாம் வீணாப்போயிடும் ஜீவி!

– ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிதான் ஆழம் வெச்சிக்க. ஸ்பிண்டில் பதினாலாயிரம், ஃபீடு எண்ணூறு.

– எண்ணூறா! இப்ப வெச்சதுக்கு நாலு பங்காச்சேபா.

– ஆவட்டும். மாஸ்க் போட்டியா? தூசு இழுக்குற வேக்கூம் போட்டியா? கைல பவுடர் அடிச்சிக்க, இல்லன்னா ராத்திரி பூரா சொறிஞ்சிக்கினு கெடப்ப.

– எல்லாம் ஆச்சு. சாமிய கும்பிட்டுக்கினு ஆன் பண்றேன்... ஓடுது ஜீவி, ஓடுது!

– சத்தம் எப்டி? கீச்சுனு கத்துதா?

– இல்ல, உர்ர்ருனு ஒரே சீரா போவுது.

– தூளு? மாவு மாதிரியா, ரவை மாதிரியா?

– ரவை மாதிரி. வெள்ளை வெளேர்னு இருக்குது.

– பிட்ட நிறுத்திட்டு தொட்டுப் பாரு. கை வெக்க முடியுதா?

– வெதுவெதுன்னுதான். இன்னா இவ்ளோ கேள்வி, பேப்பர்ல எழுதிக்கினா இருக்குற?

– பேசாம வெட்டுடா.

– ரெண்டாவது சுத்து... அஞ்சாவது... கடைசி... ஜீவி, வந்துடுச்சு! சுத்தியும் ஒரு கருப்பு இல்ல! சத்தியமா சொல்றேன், உன்ன விட்டுட்டுப் போனது என் முட்டாத்தனம்!

– திரும்பச் சொல்லு.

– முட்டாத்தனம்!

– அது இல்ல ராஜா, நம்பரு. பதினாலாயிரம், எண்ணூறு, ஒரு மில்லி, சரிதானே?

– நீ சொன்னதுதானே! நீ எத்தினி ஷீட்டு இப்டி வெட்டியிருப்ப, எனக்குத்தான் தெரியாது.

– ஒண்ணு கூட வெட்டல. பழைய மிஷினை வித்துட்டு போன வாரம்தான் புதுசு வாங்கினேன், மூணு ஷீட்டு கருகிடுச்சு. நாலாவது இப்பதான் ஏத்துறேன், அதே ஓட்டைப் பலகைக்கு கோதண்டபாணி மாமா அஞ்சு மணிக்கு இங்க வராரு.