அரை டிகிரி

ஆரஞ்சுப் பழம் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே சாறு இருக்கிறது. கப்பலில் வரும் பழங்களைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுப்பதையே இருபத்திரண்டு வருடமாகச் செய்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

ஒரு சின்ன வேண்டுகோள். அந்த ஏசியை நிறுத்த முடியுமா? குளிருக்காகச் சொல்லவில்லை. அது நின்று நின்று ஓடுகிறது. ஓடத் தொடங்கும் முன் உள்ளே ஏதோ தட்டுகிறது. நன்றி.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். அதிகாரிகள் உட்காரச் சொன்னாலும் நாற்காலி நுனியில்தான் உட்காருவேன். என் தொழிலில் அது குறையில்லை. பயப்படுகிறவன் தாள்களை மூன்று முறை சரிபார்ப்பான். அதனால்தான் முதலாளி என்னை விடாமல் வைத்திருந்தார்.

பழம் வரும் கண்டெய்னர் வழி முழுக்க ஒரு டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் பழத்துக்குள் இருக்கும் ஈயின் புழு சாகும். இதைக் கண்காணிக்கப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ரெக்கார்டர் வைப்பார்கள். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டே வரும். அதைப் படிப்பதற்கென்று ஓர் அதிகாரி உண்டு. கண்டெய்னர்களை இறக்கி வைக்கும் யார்டில் அவரைப் பூச்சி ஆபீசர் என்போம். அவர் அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் தாளில் ஒரு கோடு வரும். கோடு நேராக இருந்தால் பழம் கடைக்குப் போகும். மேடு இருந்தால் மொத்தச் சரக்கும் நெருப்புக்குப் போகும்.

இந்த முறை நடுக்கடலில் எங்கள் கண்டெய்னர் ஒன்றுக்கு மட்டும் பத்தொன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. கப்பல் கம்பெனியில் தெரிந்தவர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். முதலாளியிடம் சொன்னேன். "நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அந்த வருடத்தில் அவர் இப்படிச் சொன்னது நான்காவது தடவை.

பார்த்துக்கொள்வது பெரிய வித்தை இல்லை. அதே கப்பலில் வந்த இன்னொரு கண்டெய்னர் முந்தின நாள்தான் தேறியது. அதன் ரெக்கார்டரில் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இரண்டு ரெக்கார்டருக்கும் எண்ணில் ஓர் இலக்கம்தான் வேறு. தாளில் அதைத் திருத்தினேன். ரெக்கார்டரை ஃபிளாஸ்க்கில் ஐஸுக்குள் வைத்து யார்டுக்கு எடுத்துப்போனேன். வழியில் கோடு கெட்டுவிடக் கூடாது இல்லையா.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கையின் கணவர். யார்டில் சரக்கு இறக்குகிறவர்களுக்கு அவர்தான் மேஸ்திரி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான். தினமும் என் ஸ்கூட்டரில்தான் இரண்டு பேரும் போவோம். வாய் ஓயாத மனிதர் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். எதைக் கடந்து போனாலும் தட்டிவிட்டுத்தான் போவார். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. கண்டெய்னர், லாரி, என் வீட்டுக் கதவு எல்லாவற்றுக்கும் அதே தட்டுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை, பூச்சி ஆபீசர் ரெக்கார்டரைப் படிக்கத் திங்கட்கிழமைதான் வருவார். கஸ்டம்ஸ் அதிகாரி உள்கோடியிலிருந்து ஒரு பெட்டி வேண்டும் என்றார். குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தோம். மாப்பிள்ளை தடிக்கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டிகளுக்கும் கூரைக்கும் இடையில் இருந்த சந்தில் தவழ்ந்து உள்ளே போனார். மற்ற ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அதிகாரி போனில் பேசியபடி நிழலுக்கு நகர்ந்தார். நான் ரெக்கார்டரை மாற்றினேன். நிமிர்ந்தால் தலைக்கு மேலே மாப்பிள்ளையின் முகம்.

"நான் ஒண்ணும் பாக்கலை மச்சான்" என்றார்.

பழைய ரெக்கார்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இதுக்கா காலையிலேர்ந்து மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? நான் வீட்ல ஏதோ சண்டைன்னு நெனச்சேன்."

"மெதுவா பேசுங்க மாப்பிள்ளை."

"உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா. சொன்னா உங்க தங்கச்சி நம்பவே மாட்டா, போங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மிரட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'சொன்னா' என்றார். தங்கைக்குத் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். திங்கட்கிழமை டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரி திரும்பி வந்தார். பெட்டியில் இரண்டு பழங்களை வெட்டிப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு சீல் எடுத்துவரப் போனார்.

"டார்ச்ச உள்ளயே விட்டுட்டேன். ஒரு நிமிஷம் மச்சான்" என்று மாப்பிள்ளை மறுபடியும் உள்ளே தவழ்ந்தார். அவருடைய கால்கள் இருட்டுக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கதவுகள், நான்கு கம்பிகள். பழகிய கை என்பதால் அரை நிமிடம்கூட ஆகவில்லை. இயந்திரத்தையும் நானே ஓடவிட்டேன். பழம் கெட்டுவிடும் அல்லவா.

அதிகாரி சீலோடு வந்தார். "ரேடியோ எங்கய்யா, சத்தத்தையே காணோம்?"

"வெள்ளிக்கிழமை இல்லையா சார், கெளம்பிட்டார்."

அவர் சிரித்தபடி சீலை அழுத்தினார். அது பூட்டிக்கொண்ட அதே நேரம் உள்ளே தட்டு கேட்டது. இரண்டு, பிறகு ஒன்று. விசிறி இரைச்சலில் அதிகாரிக்குக் கேட்கவில்லை. எதிர்பார்த்து நின்றதால் எனக்குக் கேட்டது. அப்போதும் அவர் பயந்திருக்கவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். சீல் எண்ணை நான்தான் வாசித்தேன், அதிகாரி குறித்துக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "அவரு எங்கண்ணா?" "யார்டு வாசல்லயே கூட்டாளிங்களோட எறங்கிட்டார்மா." அவள் எதிரிலேயே அவருடைய எண்ணுக்கு போன் செய்தேன். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காதில் வைத்துக் காத்திருந்த அந்த சில நொடிகள், எடுத்துவிடுவாரோ என்று என் உடம்பெல்லாம் வேர்த்தது. பின்னால் அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி ஓடத் தொடங்கியது. கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

"உனக்கே இப்படி நடுங்குதே. அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?" என்றாள்.

சனிக்கிழமை காலை அவளோடு நான்தான் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அவளுக்குக் கை ஓடவில்லை. படிவத்தை நானே நிரப்பினேன். கடைசியாகப் பார்த்த இடம் என்ற கட்டத்தில் யார்டு வாசல் என்று எழுதினேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று உங்கள் ஏட்டு ஒருவர் சொன்னார். உங்களிடம் அந்தத் தாள் இருக்கும்.

மாலை நான்கு மணிக்கு, விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லி யார்டுக்குப் போனேன். பையில் சீல் வெட்டும் கட்டர் இருந்தது. அதை நீங்கள் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டத்தான் போனேன். ஆனால் எண் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. அதிகாரி இல்லாமல் சீலை உடைப்பது குற்றம். ஏன் உடைத்தாய் என்று கேட்பார்கள், ரெக்கார்டரைச் சோதிப்பார்கள். மாப்பிள்ளையும் இனிமேல் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார். கதவில் உள்ளங்கையை வைத்தேன். வெளியே இருந்த எண் பலகையில் அரை டிகிரி. மிகச் சரியாக இருந்தது.

அப்போது தட்டினார். பலமே இல்லை. இரண்டு. வெகுநேரம் கழித்து ஒன்று.

நான் திருப்பித் தட்டினேன். அதே மாதிரி, இரண்டும் ஒன்றுமாக. இருட்டில் தனியாக இருக்கிற மனிதர், பயந்துவிடக் கூடாது என்றுதான். பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பிறகு கட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பூச்சி ஆபீசர் கதவைத் திறந்தபோது தாள்களோடு அவர் பக்கத்தில் நின்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தார். ரெக்கார்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கி வைத்திருந்தார். அது என்ன எழுதும் என்று அவருக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும்.

ஆகவே அந்த ரெக்கார்டரின் கோடு உள்ள இந்தத் தாளை நீங்கள் காட்டும்போது நான் மறுக்கவில்லை. அவர் உள்ளே இருப்பது தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். உயிரோடு இருப்பது தெரிந்துதான் திரும்பி வந்தேன். இதைச் சொல்லத்தானே கூப்பிட்டீர்கள்.

ஆனால் கோட்டைச் சரியாகப் படியுங்கள். ஆயிரக்கணக்கில் பார்த்தவன் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அவர் உடம்புச் சூட்டில் முப்பத்தைந்துக்கு ஏறுகிறது. பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது. சனிக்கிழமை நான்கு மணிக்கு இருபத்தொன்பது. அதற்குப் பிறகுதான் செங்குத்தான இறக்கம். திங்கள்வரை நிற்கவே இல்லை. நடுவில், நான்கு மணியை ஒட்டி, ஒரே ஓர் இடத்தில் ஏறியிருக்கிறது, பாருங்கள். முப்பத்தொன்று. யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்திருப்பார். இயந்திரம் ஒரு பக்கம் சூட்டை இழுத்துக்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு டிகிரி நான் கொடுத்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.