எந்த மாசம் தண்ணி வரும்?

சாலவாக்கம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கம்போடியாவில் பயிற்சி முடித்துத் திரும்பியவள். இன்னொருத்தி அடுத்த மாதம் போக வேண்டியவள். கணவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்பது பேச்சில் தெரிந்தது.

“தங்குனது ஆத்தோரமா சின்ன கெஸ்ட் அவுஸுதான். ஆத்துல எந்த மாசம் தண்ணி வரும்னு ஓனரம்மாவ கேட்டுட்டேன். அது என்னையே ஒரு மாரி பாத்துச்சு.”

“ஏங்க்கா?”

“வருசம் பூரா ஓடுதுடி! ஜன்னலத் தொறந்தா கடலாட்டம் கீது. பசங்க படகுலதான் இஸ்கூலுக்குப் போவுதுங்க.”

“ஐயோ! நம்ம ஆத்தாட்டம் மணலே இல்லியா?”

“தேடுனாலும் கெடைக்காது.”

மடியில் தூங்கிய மகனை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“நான் பாத்தே ஆவணும்க்கா. எங்க வூட்டுக்காரு கேட்டா மட்டும், அங்கயும் மணலுதான்னு சொல்லிடு. தண்ணின்னா விடமாட்டாரு.”