மாப்பிள்ளை பார்க்காத குப்பி

தேதிகளைச் சரியாகச் சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. முதல் தடவை நடந்தது அறுபத்தாறு அக்டோபர் என்று நினைக்கிறேன். நவராத்திரி முடிந்தும் பம்பாய் மாதுங்காவில் எங்கள் கூடத்துக் கொலுப்படிகளைப் பிரிக்கவில்லை. நீங்கள் கேட்டால் பிரித்தாகிவிட்டது என்பாள் என் மனைவி வாலாம்பாள். மற்றவை நன்றாக நினைவிருக்கின்றன.

உங்கள் விசாரணை அறிக்கையில் என் பெயருக்கு எதிரே ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். ஜூஹு விமானதளத்தில், பறப்பதற்கு முன் இயந்திரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையில் பத்தொன்பது வருஷம் இருக்கிறேன். ஒரு நாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.

மாப்பிள்ளை வெங்கடேஸ்வரன் நல்ல மனிதர். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எங்கள் பயிற்சிப் பள்ளியிலேயே ஹெலிகாப்டர் ஓட்டக் கற்க வந்தார். லைசென்ஸ் கிடைத்ததும் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் வேலை. என் பெண் அகிலாண்டத்தையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

“அங்கே ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன்.

“ஜீப்ல நாலு மணி நேரம்தான் மாமா” என்றார்.

நாலு மணி நேரத்தில் என்னென்ன ஆகலாம் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஓட்டுபவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். நான் நீட்டும் குப்பியை மாப்பிள்ளை வாங்கியதே இல்லை. பயிற்சி கொடுக்கும் இனாயத்துல்லா கேலி செய்வார்.

“க்யா மாப்பிள்ளை ராஜா, மாமனார் கையில இருந்தா தண்ணிகூட பெட்ரோலா ஆயிடுமா?”

“மாமா பார்த்தாச்சு சார். நானும் பார்த்தா அவரைச் சந்தேகப்படற மாதிரின்னா ஆயிடும்?”

எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழாது. இறங்கும் வேகத்தில் காற்றே மேல் விசிறியைச் சுழற்றும். கைப்பழக்கம் உள்ளவர் பத்திரமாக இறக்கிவிடலாம். இனாயத்துல்லாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவர் பக்கத்தில் இருக்கும்போது மாப்பிள்ளை ஒரு தடவை பயந்தால் போதும், அஸ்ஸாமை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். எவ்வளவு தண்ணீர் கலந்தேன் என்பதைத் தனித் தாளில் எழுதித் தருகிறேன்.

சயானைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. செம்பூர்ப் பக்கம் உப்பளத்தில் இறங்கினார்கள். இருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. இறக்கியவர் இனாயத்துல்லா அல்ல, மாப்பிள்ளை.

“பயமா இருந்ததா?” என்று அன்று மாலை வீட்டில் கேட்டேன்.

“பயப்பட நேரம் ஏது மாமா? இனிமே எது வந்தாலும் பார்த்துக்கலாம்.”

அகிலாண்டம் அவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

பெட்ரோலில் தண்ணீர் இருந்ததற்காக, பீப்பாய்களைப் பார்த்துக்கொண்ட ஜெயினுலாப்தீனை வேலையிலிருந்து நீக்கினார்கள். மாப்பிள்ளை இனித் தனியாகப் பறக்கலாம் என்று இனாயத்துல்லா எழுதிக் கொடுத்தார். லைசென்ஸுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

முதல் தடவை பயம் போதவில்லை என்று புரிந்தது. இரண்டாவது தடவை அளவைக் கூட்டினேன். அவர் தனியாகத்தான் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அன்று யார் யார் பறக்கிறார்கள் என்ற பட்டியல் என் மேஜைமேல் இருந்தது.

குப்பியைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று இனாயத்துல்லா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அன்று மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கினார். வாங்கியவர் குப்பியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க பார்த்தப்புறமும் நான் பார்க்கணுமா மாமா?”

“உங்க இஷ்டம்” என்றேன்.

சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். தூக்கிப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை. முடிவு அவருடையது.

மாஹிம் கழிமுகத்தைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. நேர் கீழே தாராவிக் கூரைகள். அவற்றின்மேல் விழாமல் திருப்பினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். திருப்பியதில் உயரம் போய்விட்டது. ஹெலிகாப்டர் கரைச் சேற்றில் விழுந்தது.

வெங்கடேஸ்வரனுக்கு இருபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். இனாயத்துல்லா பறப்பதை விட்டுவிட்டார். ஜெயினுலாப்தீன் கல்யாண் ஊர்ப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. வாலாம்பாள் என்னோடு பேசுவதில்லை. அகிலாண்டம் மாதுங்காவில் எங்களோடு இருக்கிறாள். வாசல்வரைகூட வருவதில்லை. பத்திரமாக இருக்கிறாள்.